செவத்தியானின் பற்றுச்சீட்டு

செவத்தியான் கல்லுமலைத் தோட்டத்துக்கு வந்த நாளைப் பற்றி யார் கேட்டாலும் இராசையா சளைக்காமல் சொல்வான். என்ன நிறச் சட்டை போட்டிருந்தான், என்ன மூட்டை கொண்டுவந்தான், அன்றைக்கு நமுனுகுல மலையின் உச்சி தெரிந்ததா மூட்டத்துக்குள் இருந்ததா என்பதுவரை சொல்வான். பதுளை மைதானத்தில் அவன் போட்ட கோல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான். அவன் ஏன் போனான் என்று கேட்டுவிட்டால் மட்டும் ஸ்டோரில் வேலை கிடக்கிறது என்று எழுந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரில் என்ன வேலை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இராசையா ஆட்டக்காரன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேயிலை பதப்படுத்தும் ஸ்டோரின் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை வாடுவதற்குப் பரப்புகிறவன் அவன். பந்து தன் பக்கம் உருண்டு வந்தால் காலால் தடுக்கப் பயந்து, குனிந்து கையால் எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுப்பான். ஆனால் கல்லுமலை அணி எங்கே ஆடினாலும் கோட்டோரத்தில் முதல் ஆளாக நிற்பான். மழை, காய்ச்சல் எதுவும் அவனை வீட்டில் பிடித்து வைத்ததில்லை. தாலி கட்டிய கை காயுமுன்னே ஆட்டம் பார்க்க ஓடிய மாப்பிள்ளை என்று அவன் மனைவி அங்கம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அதில் கொஞ்சம்கூட மிகை இல்லை.

அந்த அணியை உண்டாக்கியவர் சின்ன துரை. சீமையிலிருந்து வந்த வருஷம் ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்து, ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் உதைத்துக் காட்டி, காலில் வேகமுள்ள பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்தார். தான் பதினோராவது ஆளாக நின்றார். பூட்ஸ் அவருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு வெறுங்கால். வருஷாவருஷம் நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு முன்னால் துரைமார் கொடுக்கும் வெள்ளிக் கோப்பைக்காகச் சுற்றுவட்டத் தோட்டங்களும் பதுளை டவுன் அணியும் மோதின. கல்லுமலை தொடர்ந்து மூன்று வருஷம் கடைசி ஆட்டம்வரை வந்து, மூன்று வருஷமும் டவுன்காரர்களிடம் மண்ணைக் கவ்வியது.

தோற்றுவிட்டு மலையேறுவதைப் போல ஒரு தண்டனை இல்லை. பன்னிரண்டு மைல். வழியில் ஒவ்வொரு தோட்டத்து லயத்து வீட்டுவரிசையிலிருந்தும் யாராவது தலையை நீட்டி, இந்த வருஷம் எத்தனை என்று கேட்பார்கள். ஆடியவர்கள் வாயைத் திறக்காமல் நடப்பார்கள். ஆடாத இராசையாதான் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு வீடு வருவான். அங்கம்மா எதுவும் கேட்க மாட்டாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் அடுப்பில் வெந்நீர் வைப்பாள்.

நான்காவது வருஷம் தொடங்கிய தை மாதத்தில், உப்புக் கருவாடு வாங்குவதற்காக இராசையா பதுளைக் கடைவீதிக்குப் போனான். டவுன் அணியைச் சோறு போட்டு வளர்த்துவந்தவர் மொஹிதீன் முதலாளி. மளிகைக்கடைக்காரர். தங்கமான மனுஷன்தான், ஆனால் இராசையாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அப்படியிருந்தும் அவர் கடையில்தான் கருவாடு வாங்குவான். வேறெங்கும் அவ்வளவு நல்ல கருவாடு கிடையாது.

அன்றைக்குக் கடைக்குள் அரிசி மூட்டைமேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் தாய். இராசையா ஒரே பார்வையில் ஆளைக் கண்டுகொண்டான். பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு இடதுபுறம் ஆடுகிற செவத்தியான். போன வருஷம் கல்லுமலைக் கோல்காரனின் காலிடுக்கில் பந்தை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி ஓடியவன். அந்தச் சிரிப்பை இராசையா ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தான். இங்கே என்ன செய்கிறான் என்று விசாரித்தபோது, செவத்தியான் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மூட்டைமேல் விரித்து வைத்தான். அது பற்றுச்சீட்டு.

அந்தத் தாளின் மதிப்பு தோட்டத்துக்காரனுக்குத்தான் தெரியும். இந்த ஆளை நாங்கள் விடுவித்துவிட்டோம் என்று பழைய தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அது கையில் இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது, ஒரு நாள் கூலிக்கும் நிற்க முடியாது. அதற்கு முன்னால் துண்டு என்று ஒன்று இருந்தது. ஆட்களைக் கூட்டத்தோடு கட்டி வைத்து, கங்காணி போனால் கூடப் போவது, கங்காணி இருந்தால் கூட இருப்பது. அதை அரசாங்கம் எடுத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இனி யாரும் எங்கேயும் போகலாம் என்று பறையடிக்காத குறையாகச் சொன்னார்கள். கல்லுமலையில் ஒருவனும் அசையவில்லை. போகலாம் என்று சொன்னவர்கள் எப்படிப் போவது என்று சொல்லவில்லை. இந்தச் செவத்தியான் மட்டும் முறைப்படி ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லி, சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தாயையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டிருக்கிறான். சீட்டில் இரண்டு பேருடைய பெயரும் இருந்தது.

மொஹிதீன் முதலாளி அதற்குள் வலை விரித்துவிட்டிருந்தார்.

"தம்பி, நம்மட கடைக்குச் சீட்டும் தேவல்ல, பெரட்டும் இல்ல. சாமான் நிறுக்கிற வேல. பின்னுக்கு அறையொண்டு ஈக்கி. நாளைக்கே வரலாம்."

இராசையா மனசுக்குள் கணக்குப் போட்டான். இவன் டவுனில் சேர்ந்துவிட்டால் இன்னும் பத்து வருஷத்துக்குக் கோப்பையை மறந்துவிட வேண்டியதுதான். செவத்தியான் தாய் இராக்கம்மாவைப் பார்த்தான். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள். இராசையா அதைக் கவனித்தான். வாழ்க்கையில் அவன் புத்தி அவ்வளவு வேகமாக வேலை செய்தது அந்த ஒரு தடவைதான்.

"கடையில ஆத்தா என்ன பண்ணுவாங்க, தம்பி? கொழுந்தெடுத்த கை சும்மா இருக்குமா? எங்க தோட்டத்துல ரெண்டு பேருக்கும் பேரு பதியலாம். எம் பக்கத்துக் காம்பரா காலியாத்தான் கெடக்கு. ஒழுகாது. நான் பொறுப்பு."

இராக்கம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்த பிறகு செவத்தியான் யோசிக்கவில்லை. மொஹிதீன் முதலாளி கோபப்படவில்லை. கருவாட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, ஒத்துவராவிட்டால் கடை இங்கேதான் இருக்கும், வாருங்கள் என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சு இராசையாவின் காதில் விழவேயில்லை.

அந்த ஒற்றை அறைக் காம்பரா ஒழுகும். மேற்கு மூலையில் தகரம் பிரிந்திருந்தது அவனுக்குத் தெரியும். பிறகு கங்காணியிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தான்.

மலையேறும்போது செவத்தியானின் மூட்டையை இராசையா வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். பாதி வழியில், அந்தச் சீட்டைக் கொஞ்சம் காட்டு என்று கேட்டு வாங்கினான். அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், ஆனால் தாளில் இருந்தது இங்கிலீஷ். இருந்தாலும் நடந்துகொண்டே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துப் பார்த்தான். இராசையா கல்லுமலையில் பிறந்தவன். அவன் பெயரில் அப்படியொரு தாளை யாரும் எழுதியதில்லை. எங்கேயும் போகக்கூடிய ஒருத்தன் நம்மிடம் வருகிறான் என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது அதை நினைத்தால் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்லத்தான் அவனுக்கு ஆசை. செவத்தியான் ஆட்டத்தில் வித்தை எதுவும் இல்லை. பந்து வந்தால் அவசரப்பட மாட்டான், அவ்வளவுதான். மற்ற பத்துப் பேரும் பெரட்டுக்குப் பிந்தியவர்கள்போல அடித்துப்பிடித்து ஓடுகையில் அவன் நின்று, நிமிர்ந்து, யார் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் உதைப்பான். வெலிமடையில் நடந்த ஆட்டத்தில் மூன்று கோல். ஆடி முடித்து வந்தால் இராக்கம்மா அவன் காலைத் தன் மடியில் போட்டு முள் எடுப்பாள். இராசையா எதிரே குந்தியிருந்து, அந்தக் கால் தன்னுடையது என்பதுபோலக் கவலையாகப் பார்த்துக்கொண்டிருப்பான். இவரு கால்ல முள்ளு குத்துனா திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு என்று அங்கம்மா சிரிப்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் மறுவீட்டில் இரண்டு தட்டு கூடும்.

இராசையாவின் தகரப்பெட்டியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். துரை பங்களாவில் வீசியெறிந்த பிஸ்கட் பெட்டி. மூடி இறுக்கமானது. அதைக் கம்பியில் கட்டிக் கூரை விட்டத்திலிருந்து தொங்கவிட்டிருந்தான். மழை, கறையான், எலி மூன்றும் லயத்துத் தாள்களுக்கு எமன். ஆகவே இருபது காம்பராக்காரர்களும் தங்கள் தாள்களை அந்தப் பெட்டியில்தான் போட்டு வைத்தார்கள். பிள்ளை பிறந்த பதிவு, ஊரிலிருந்து வந்த கடுதாசி, அம்மை குத்திய சீட்டு எல்லாம் அதற்குள் இருந்தன. ஒருவருடைய தாள் ஒருநாளும் தவறியதில்லை. எழுத்துத் தெரியாதவன் வந்து கேட்டாலும் அவனுடைய தாளைச் சரியாக எடுத்துக் கொடுப்பான். இராசையாவுக்கு லயத்தில் இருந்த மரியாதை முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

ஐப்பசி மழை தொடங்கியபோது மேற்கு மூலைத் தகரம் முழுதாகப் போய்விட்டது. கங்காணியிடம் இராசையா இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லவில்லை. கோப்பைக்கான ஆட்டங்கள் தொடங்கிவிட்டிருந்தன, அவன் நினைப்பு அங்கே போய்விட்டது. இராக்கம்மா ஈரச் சேலையோடு கொழுந்துக்குப் போய் ஈரச் சேலையோடு வந்து ஈரத் தரையில் படுத்தாள். முதலில் சளி, பிறகு இருமல், பிறகு மூச்சு வாங்கல். மருந்து கொடுக்கிற ஐயா நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இந்தக் குளிர் இந்த அம்மாவுக்கு ஆகாது, சூடான இடத்துக்குக் கூட்டிப் போனால் பிழைத்துக்கொள்வார் என்றார்.

பசறைக்குக் கீழே, வெப்பமான பள்ளத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆள் எடுத்தார்கள். ஒழுகாத காம்பராவும் இருந்தது. டிசம்பர் முதல் வாரத்துக்குள் சீட்டோடு வந்தால் பேர் பதியலாம், அதற்குமேல் காக்க மாட்டோம் என்று அங்கிருந்து சொல்லியனுப்பினார்கள். செவத்தியான் முறைப்படி ஒரு மாதம் முன்கூட்டிச் சொன்னான். நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை பெரிய துரை கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு நுவரெலியாவுக்குப் போனார். திங்கட்கிழமை பசறைக்கு அரிசி ஏற்றப் போகிற மாட்டுவண்டியில் தாயைப் படுக்க வைத்துக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. டவுனோடு கடைசி ஆட்டம் அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை.

தன் வீடு ஒழுகுகிறது என்று செவத்தியான் சீட்டை இராசையாவின் பெட்டியில் போட்டு வைத்தான். போட்டு வைத்த கையோடு இராசையா கெஞ்சத் தொடங்கினான். ஒரே ஒரு ஆட்டம், எட்டே நாள், இத்தனை பாடுபட்டு வந்துவிட்டுக் கடைசியில் கைவிடலாமா என்றான். செவத்தியான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"ஆத்தாளுக்கு முடியலண்ணே. ஆட்டம் அடுத்த வருஷமும் வரும்."

அடுத்த வருஷம் வரும். ஆனால் இவன் வர மாட்டானே. இராசையா ஸ்டோருக்குப் போய்க் கொழுந்தைப் பரப்பிக்கொண்டே எண்ணி எண்ணிப் பார்த்தான். எட்டு நாள்தானே. இத்தனை நாள் இருமிய கிழவி இன்னும் எட்டு நாள் இருமினால் என்ன கெட்டுவிடும். முதல் வாரம் என்று அவர்கள் சொல்வார்கள், ஒரு நாள் முன்னே பின்னே போனால் துரத்தியா விடுவார்கள். மனம் ஒன்றை விரும்பிவிட்டால் அதற்கு நியாயம் கண்டுபிடிப்பது கொழுந்து பரப்புவதைவிடச் சுலபமான வேலை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தபோது பெட்டியை இறக்கினான். சீட்டை எடுத்து நாலாக மடித்து இடுப்பில் செருகினான். திரும்பினால் வாசலில் அங்கம்மா.

அவள் கூச்சல் போடவில்லை. சுவருக்கு அப்பால் கையைக் காட்டினாள். இருமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது உங்க காதுல விழலையா?"

"எட்டு நாள்தான் புள்ள."

"நாளு எண்ணவா உங்கள நம்பி அந்தத் தாள வச்சான்?"

இராசையா ஸ்டோருக்கு நடந்தான். மேல்மாடியில் வாடிய கொழுந்து மணக்கிற மூலையில், பலகைக்குப் பின்னால் சீட்டை வைத்தான். அங்கே ஈரமே ஏறாது. தாள் கெட்டுவிடக் கூடாது என்பதில் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

ஞாயிற்றுக்கிழமை மாலை செவத்தியான் வந்து கேட்டான். இராசையா பெட்டியை இறக்கி, அவன் கண் முன்னாலேயே எல்லாத் தாளையும் எடுத்துப் போட்டுத் தேடினான். நெற்றி வேர்க்கத் தேடினான். காணோமே தம்பி, வேறு யாருடைய தாளோடாவது ஒட்டிக்கொண்டு போயிருக்கும், வீடு வீடாகக் கேட்டு எடுத்துத் தருகிறேன் என்றான். செவத்தியான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இராசையாவைப் பார்த்தான். சரிங்கண்ணே என்று எழுந்து போனான். அங்கம்மா அன்றைக்குச் சோறு பொங்கவில்லை.

வண்டி வெறும் வண்டியாகப் போயிற்று. புதுச் சீட்டுக் கேட்கப் போனால், பெரிய துரை வராமல் யார் கையெழுத்துப் போடுவது என்று கணக்கப்பிள்ளை கையை விரித்தார். தோட்டத்துப் பதிவிலிருந்து பேரை எடுத்துக்கொண்டவர்கள் காம்பராவில் தங்கக் கூடாது என்பது சட்டம். ஆட்டம் முடியும்வரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று கங்காணி பெரிய மனது பண்ணினார். எல்லாருக்கும் செவத்தியான் வேண்டும். அவன் தாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்த எட்டு நாளும் இராசையா பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டும்போது நடையை வேகமாக்கினான். ஒரு தடவை மட்டும் இராக்கம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். போனான். சாக்கை மடித்து முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் ஆத்தா என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. அவன் வெளியே வந்து மழையில் கொஞ்ச நேரம் நின்றான்.

பதுளை மைதானத்தில் அன்றைக்கு வெயில் அடித்தது. டவுன்காரர்கள் முதலில் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளைக்குப் பின் கல்லுமலை ஒன்றைத் திருப்பியது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருந்தபோது பந்து செவத்தியானிடம் வந்தது. அவன் வழக்கம்போல நின்றான். நிமிர்ந்து பார்த்தான். இரண்டு பேரை விலக்கிக்கொண்டு போய் இடது காலால் உதைத்தான். கோல்காரன் அசையவில்லை. மூன்று வருஷத்து அவமானம் அந்த ஒரு உதையில் தீர்ந்தது.

எல்லாரும் அவனைக் கட்டிப்பிடிக்க ஓடினார்கள். அவன் அவர்களை விலக்கிக்கொண்டு கோட்டோரத்துக்கு வந்தான். இராசையாவின் முன்னால் நின்று முகத்தை நேராகப் பார்த்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இராசையா அழுதுகொண்டிருந்தான். என்னைத்தான் தேடி வந்தான், இந்த வெற்றி உனக்கு என்று சொல்ல வந்திருக்கிறான் என்று அந்த மடையன் நினைத்தான்.

கோப்பையைச் சின்ன துரை வாங்கினார். அது நேரே பங்களாவுக்குப் போனது. ஆடியவர்களில் ஒருவனும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. துரை அதில் சுருட்டுச் சாம்பல் தட்டுவதாகப் பிற்பாடு பங்களா வேலைக்காரன் சொன்னான்.

மறுநாள் விடிந்ததும் இராசையா சீட்டோடு பக்கத்து வீட்டு வாசலில் நின்றான். கிடைத்துவிட்டது தம்பி, அம்மை குத்திய சீட்டோடு ஒட்டியிருந்தது என்றான். செவத்தியான் வாங்கினான். முகர்ந்து பார்த்தான். அதில் வாடிய கொழுந்தின் மணம் அடித்திருக்கும், அது அப்போது இராசையாவுக்கு உறைக்கவில்லை. செவத்தியான் தாளை மடியில் வைத்துக்கொண்டு, தாயைப் போர்த்தி முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினான். இராக்கம்மா அவன் தோளுக்கு மேலாகத் திரும்பி, அங்கம்மாவைப் பார்த்துக் கையசைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எந்தச் செய்தியும் இல்லை. அங்கம்மா தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தைப்பொங்கலுக்கு முன்னால் கருவாடு வாங்குவதற்காக இராசையா பதுளைக்குப் போனான். மொஹிதீன் முதலாளியின் கடைக்குள் நுழைந்தபோது தராசுக்குப் பின்னால் செவத்தியான் நின்று மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தான். தலை மொட்டையாக இருந்தது.

 மொஹிதீன் முதலாளிதான் இராசையாவை ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னார். ரப்பர் தோட்டத்துக்கு இவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாரம் கழிந்துவிட்டது. காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கேயும் இடமில்லை, கல்லுமலையிலும் பேர் இல்லை. மழையில் இரண்டு நாள் நடந்து பதுளைக்கு வந்தார்கள். முதலாளி பின்னறையைத் திறந்துவிட்டார். நான்காம் நாள் அந்த அம்மா போய்விட்டது. தூக்குவதற்கு டவுன் அணிப் பையன்கள் வந்தார்கள், குழி அவர்களே வெட்டினார்கள். இதைச் சொல்லும்போது முதலாளியின் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. செவத்தியான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கடையில் ஆள் குறையும்வரை இராசையா காத்து நின்றான். பிறகு தராசுக்குப் பக்கத்தில் போனான்.  எப்படியோ சொல்லிவிட்டான்.

"தம்பி, அந்தச் சீட்டு தொலையல. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

செவத்தியான் கையிலிருந்த மிளகாயைச் சாக்கில் போட்டான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இராசையா அதை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருக்கலாம்.

"தெரியும்ண்ணே. ஒங்க பெட்டியில எவன் தாளு தொலைஞ்சிருக்கு? நீங்க தேடுறப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா ஆடுன? சட்டையப் புடிச்சுக் கேட்டிருக்கலாமே தம்பி."

"கேக்கத்தான் எந்திரிச்சேன். ஆத்தா விடல. அந்த அண்ணன்தான் நமக்குக் காம்பரா வாங்கிக் குடுத்தவரு, ஒரு ஆட்டம்தானே ஆசப்படுறாரு, ஆடிக் குடுத்துட்டு வான்னு சொல்லிச்சு. எட்டு நாளுல நான் ஒண்ணும் செத்துற மாட்டேன்னுச்சு."

யாரோ கொத்தமல்லி கேட்டு வந்தார்கள். செவத்தியான் நிறுத்துக் கொடுத்தான். இராசையா கருவாடு வாங்காமலே இறங்கி நடந்தான். பன்னிரண்டு மைலும் அவன் காதில் சாப்பிட்டாயா என்று கேட்ட குரல்தான் இருந்தது. லயத்துக்கு வந்ததும் பெட்டியை இறக்கி, ஒவ்வொரு வீடாகப் போய் அவரவர் தாளை அவரவரிடம் கொடுத்தான். பெட்டி துருப்பிடித்துவிட்டது, இனி நம்பி வைக்க முடியாது என்று சொன்னான். கடைசித் தாளையும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அங்கம்மா வெறும் பெட்டியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், பேசாமல் அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.